எல்லைக்குள் நிற்கச் சொல்லிக் கேட்டேன்

என் ஈரலில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. கிளினிக்கில் இருந்து கண்டி பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே வந்தேன். வழியெல்லாம் அம்மனைத் திட்டிக்கொண்டு வந்தேன். "ஆயுசுல ஒரு சொட்டு வாயில வச்சிருப்பனா? எனக்கு எதுக்குத் தாயே ஈரல் வருத்தம்?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வருகிற உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தவமணி. டவுனில் ஒரு கந்தோரில் கிளாக் வேலை. வீடு குண்டசாலையில். என் கணவர் சிவலிங்கம் வீட்டுக்கு முன்னாலேயே ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நான் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அண்ணனும் மதினியும் இன்றைக்கும் அங்கேதான். அந்தத் தோட்டத்து மாரியம்மன்தான் எங்கள் குடும்பத்துக்கு எல்லாம்.

ஈரல் வருத்தம் என்றால் குடிகாரர்களுக்குத்தான் வரும் என்று நம்முடைய ஆட்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பல வருடமாக இருந்த சீனி வருத்தமும் ஈரலில் சேர்ந்த கொழுப்பும் போதும், வேறு ஒன்றும் தேவையில்லை என்று டாக்டர் விளக்கினார். அக்கம்பக்கத்தில் யார் அதை நம்பினார்கள்? பார்க்க வந்த ஒரு அம்மா என்னிடம் மெதுவாக, "ஒங்க வீட்டுக்காரருக்குத்தானே வந்திருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் எப்போதாவது கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் எடுப்பவர். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க, "குடிச்சது நானு, ஈரல் போனது இவளுக்கு. இது என்னா நியாயம்?" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

வெட்டி எடுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டி ஈரலின் வலது பக்கத்தில் பெரிதாக இருந்தது. அதை எடுத்தால் மிச்சம் இருக்கிற ஈரல் என்னைத் தாங்காது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் போகிறேனே என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கொழும்பில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் இந்த வைத்தியத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். கதிர்வீச்சு உள்ள மிகச் சின்ன மணிகளை, கண்ணுக்கே தெரியாத மணிகளை, ஈரலுக்குப் போகிற ரத்தக் குழாய் வழியாக அனுப்புவார்களாம். அவை கட்டிக்குள் போய் உட்கார்ந்து, உள்ளே இருந்தே அதைச் சுடுமாம். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் செய்ய மாட்டார்கள். முதலில் ஒரு நாள் வழி பார்க்க வேண்டும். மருந்து மணி போலவே இருக்கிற, கெடுதல் செய்யாத சோதனை மணிகளை விட்டு, அவை எங்கே போய் நிற்கின்றன என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஈரலில் நின்றால் நல்லது. கட்டியின் குழாய்கள் வழியாக நழுவி அதிகமாக நுரையீரலுக்குப் போனால் இந்த வைத்தியம் எனக்கு இல்லை.

இல்லை என்றால் வேறு என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்டார். டாக்டர் மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

என் கணவர் இதை ஹாட்வெயார் கடைக்காரர் மூளையால் பிடித்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லுவார். "மெயின் லைன்ல இருந்து எந்த பைப் எங்க பிரியுதுன்னு பாக்காம தண்ணிய தொறந்து விடலாமா? விட்டா சமையக்கட்டுக்குப் போக வேண்டியது சாமியறைக்குப் போயிரும். அதுக்குத்தான் மொதல்ல டெஸ்ட்." ஆணி வாங்க வந்தவர் என் ஈரலின் குழாய்க் கணக்கையும் கேட்டுவிட்டுத்தான் போவார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அவர் அப்படிப் பேசுவதைக் கேட்டால் பயம் கொஞ்சம் குறையும். டாக்டர்களிடம் கேள்வி கேட்பது, சிங்களத்தில் பேசி வேலை முடிப்பது, ரிப்போட்டுகளை ஒழுங்காக அடுக்குவது எல்லாமே அவர்தான். அவர் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொண்டதில்லை.

வழி பார்க்கிற நாள் சித்திரை கடைசியில் என்று சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்து ஒரு நிபுணர் வருவார், அவரோடு சேர்ந்துதான் செய்வார்கள். எங்கள் தோட்டத்துத் திருவிழா பங்குனியில். எனவே திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். "சோதனையில பாஸாக்கி விடு. நான் ஒனக்குச் சட்டி எடுக்கிறேன்" என்று நேருக்கு நேர் பேசி முடித்தேன். அம்மனோடு எனக்கு அப்படித்தான் பேச வரும்.

கந்தோரில் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். கொடியேறிய அன்று பூசாரி முனியாண்டி என் இடது கையில் காப்புக் கட்டினார். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்த காப்பு. தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காப்புக் கட்டிவிட்டால் அம்மனுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி. ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை. எல்லாவற்றையும்விட முக்கியம், திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை, பஸ் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் இருக்கிற மதகு. அந்த மதகுக்கு அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது.

காப்புக் கட்டி இரண்டொரு நாளில் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு மணி. அந்த வெளிநாட்டு டாக்டர் முன்னாடியே வாறாராம். வர்ற திங்கக்கிழமை."

திங்கட்கிழமை நான் காப்போடு இருப்பேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் அக்கினிச்சட்டி.

"தள்ளிப் போடச் சொல்ல முடியாதா?"

"கேட்டுட்டேன். அடுத்து அவரு எப்ப வருவாருன்னு அவங்களுக்கே தெரியாது. கட்டி பெரிய ரத்த நரம்புக்குக் கிட்டத்துல இருக்காம். அதுக்குள்ள போயிருச்சுன்னா இந்த வைத்தியம் பண்றது கஷ்டம்னு சொல்றாங்க."

அந்த ஞாயிறு வரைக்கும் நான் செய்த பிரார்த்தனை ஒன்றே ஒன்றுதான். தேதியை மாற்று. விமானம் தாமதமாகட்டும், மெஷின் பழுதாகட்டும், அந்த நிபுணருக்குத் தடிமன் பிடிக்கட்டும், என்னவாவது செய். கோயிலை எத்தனையோ முறை சுற்றி வந்து கேட்டேன். நானே ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தும் பேசினேன். போனில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. தேதி மாறவில்லை.

அண்ணன் சொன்னது வேறு. "உசிரை விடவா? காப்போடயே போயிட்டு வா. பொறவு பரிகாரம் செஞ்சுக்கலாம்." கோயில் கமிட்டியில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. எல்லை தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே மனம் ஒப்பவில்லை. அம்மனுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டு, அதே அம்மனிடம் என்னைக் காப்பாற்று என்று எந்த முகத்தோடு கேட்பேன்? போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தீர்மானித்தேன். அதைக் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று அழுதார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் போனோம். முனியாண்டி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், தோட்டத்துப் பேக்டரியில் வேலை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் நாரை உரித்துக்கொண்டே கேட்டார்.

"காப்ப அவுத்து விட்டுருவியா முனியாண்டி?" என்று கடைசியில் கேட்டேன்.

"திருநா முடியாம காப்ப அவுத்து வெறுங்கையா விட முடியாது தவமணி. அது ஒனக்கே தெரியும்" என்றார். பிறகு நாரைக் கீழே வைத்தார். "ஆனா ஒரே வீட்டு ஆளு, ஒரே ஒலையில சோறு திங்கிற ஆளு, மாத்தி வாங்கிக்கலாம். எங்கப்பா காலத்துல ஒரு தடவ புள்ளத்தாச்சிக்கு நோவு கண்டப்ப அவ புருசன் வாங்கியிருக்கான். வாங்குறவன் எல்லாத்தையும் சேத்து வாங்கணும். வெரதம், பாயி, எல்ல, சட்டி, எல்லாம்."

ஒரே உலையில் சோறு தின்கிற ஆள் என்றால் எனக்கு ஒருவர்தான் இருக்கிறார். அவரோ பொங்கல் சோற்றுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர். விபூதி பூசினால் கடைக்குப் போவதற்கு முன்னால் துடைத்துவிடுவார். சாமி விஷயத்தில் அவர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அவர் வலது கையை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவர் காப்பு வாங்கினால் அவர்தான் எல்லைக்குள் நிற்க வேண்டும். நான் கொழும்புக்கு அவர் இல்லாமல் போக வேண்டும். "வேணாம். நீங்க இல்லாம நான் போக மாட்டேன்" என்று கத்தினேன். கோயில் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நான் கூட வந்து என்னா செய்யப் போறேன்? கதவுக்கு வெளியதானே நிக்க விடுவாங்க. இங்க நின்னாலாவது ஏதோ ஒரு வேல இருக்கு" என்றார். "கட்டுங்க பூசாரி."

முனியாண்டி என் இடது கையில் இருந்து நூலை அவிழ்த்து, தரையில் பட விடாமல், அவர் வலது கையில் கட்டினார். என் மணிக்கட்டில் மஞ்சள் கறை வட்டமாக இருந்தது. கையே வெறுமையாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அன்று பின்னேரமே மதினியோடு வேனில் புறப்பட்டேன். என் கணவர் மதகு வரைக்கும் நடந்து வந்தார். மதகுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். அங்கே நின்றபடி, "சீனி மாத்திர எப்ப நிறுத்தணும்னு எழுதியிருக்கு, நீலப் பையில பாரு. மூச்சப் புடின்னு சொன்னா புடி, விடுன்னு சொன்னா விடு. ஓம்பாட்டுக்கு இழுக்காத, படம் கலங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேன் திரும்பும்வரை கையைக் காட்டினார். கடைப் பையனைக் கூப்பிடுவது போல அதட்டல் தொனிதான். குரல் மட்டும் சரியாக இல்லை. மதினி கம்பளை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டு ஒரு குளிர் அறைக்குள் கொண்டுபோனார்கள். எங்களைப் பார்க்கிற டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பேசினார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. இண்டைக்கு நாங்கள் மருந்து விடேல்லை. வழிதான் பாக்கிறம். ஈரலில இருந்து வேற இடத்துக்குப் போற குழாய் ஏதும் இருந்தா அதை அடைப்பம். பிறகு சோதனை மணியளை விட்டுட்டு, எங்க நிக்குதெண்டு பாப்பம்."

"நெஞ்சுக்குப் போயிட்டா, டாக்டர்?"

"கொஞ்சம் போறது எல்லாருக்கும் உள்ளதுதான். அளவுக்கு மிஞ்சினா விட மாட்டம். அதுக்காகத்தானே இந்தப் பரிசோதனையே." என் கையைத் தட்டினார். "இடது கையைத் தாங்கோ. தொடையால போற யோசனைதான் முதல் இருந்தது. உங்களுக்குக் கையால போறது சுகம். உடன எழும்பி இருக்கலாம்."

நேர்ஸ் பிள்ளை என் மணிக்கட்டைத் துடைக்க வந்தவள் நின்றுவிட்டாள். சிங்களப் பிள்ளை. தமிழ் தட்டுத் தடுமாறிப் பேசினாள்.

"அம்மா, இது என்ன மஞ்சள்? கோயில் நூலா? எங்க நூல்?"

"அவரு கையில இருக்கு, மிஸ்."

அவள் சிரித்தாள். தன் கையுறைக்கு மேலே தெரிந்த, புத்த பிக்குகள் ஓதிக் கட்டுகிற வெள்ளைப் பிரித் நூலைக் காட்டினாள். "எனக்கு விளங்குது. நல்லது, நே? இங்கதான் ஊசி போடுறது. நூல் இருந்தா நான் வெட்டணும். எனக்கும் அது பாவம்."

அவள் பஞ்சால் துடைத்தாள். மஞ்சள் கறை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஊசி போன இடம் சரியாக அந்தக் காப்பு இருந்த இடம். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அண்ணன் சொன்னபடி காப்போடு வந்திருந்தால், திருவிழா நடுவில் அந்தக் காப்பைக் கத்தரிக்கோல் வெட்டியிருக்கும். அதை நான் எப்படித் தாங்கியிருப்பேன் என்று தெரியவில்லை.

நான் விழித்திருந்தேன். வலி அவ்வளவாக இல்லை. நிறமருந்து விடும்போது மட்டும் உடம்புக்குள் சுடுதண்ணீர் ஓடின மாதிரி இருக்கும். டாக்டர் மூச்சைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். விடச் சொன்னார், விட்டேன். என் கணவரின் அதட்டல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் இருந்த திரையில் என் ஈரலின் குழாய்கள், மண்ணைத் தட்டிவிட்டுப் பிடுங்கிய தேயிலைச் செடியின் வேர் மாதிரித் தெரிந்தன. வயிற்றுப் பக்கம் போகிற ஒரு சின்னக் குழாயைக் கண்டுபிடித்து அதை அடைத்தார்கள். அதற்கே நிறைய நேரம் எடுத்தது. அந்த வெளிநாட்டு நிபுணர் கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமல் வேலை செய்தார். இவருக்கா தடிமன் பிடிக்கட்டும் என்று கேட்டேன் என்று நினைத்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

"இப்ப மணியளை விடப் போறம்" என்றார் டாக்டர்.

இந்த நேரத்துக்கென்று ஒரு பெரிய பிரார்த்தனையை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மதகுக்கு இந்தப் பக்கம் நின்றாரே என் மனுசன், அந்த நிற்பு மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது. என் வாயில் தானாக வந்தது இதுதான்: "தாயே, அவரு ஒன் எல்லையத் தாண்டாம நிக்கிறாரு. இதுகளையும் எல்லையத் தாண்ட விடாத. ஈரலுக்குள்ளயே நிறுத்து."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பிறகு வேறு அறைக்குக் கொண்டுபோய், பெரிய கமராவுக்குக் கீழே படுக்க வைத்துப் படம் எடுத்தபோதும் அதையேதான் சொன்னேன்.

பின்னேரம் டாக்டர் வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே மதினி கும்பிட ஆரம்பித்துவிட்டார். "நுரையீரலுக்குப் போனது நல்லாக் குறைவு அம்மா. வயித்துக்கு ஒண்டும் போகேல்லை. எல்லாம் ஈரலுக்குள்ளதான் நிக்குது, கட்டியிலதான் கூடுதலா. இனி எவ்வளவு மருந்து எண்டு கணக்குப் பாத்து வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கலாம்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தை மாதத்தில் இருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

அவருக்கு போன் எடுத்தேன். கோயிலில்தான் இருந்தார். பின்னால் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. சொன்னேன்.

"என்னாங்க, கேக்குதா? நீங்க அம்மன்கிட்ட என்னா கேட்டீங்க?"

"எனக்குக் கேக்கத் தெரியாது மணி. அவ என்னா கேட்டாளோ அதையே குடுத்துருன்னு சொன்னேன்."

நான் கேட்டதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேதி அல்லவா தள்ளிப் போயிருக்கும்! அந்த நிபுணர் இன்னொரு முறை வர மாதக்கணக்கானது. அதற்குள் கட்டி எங்கே போயிருக்குமோ. நான் மூன்று நான்கு நாளாகக் கதறிக் கேட்ட பிரார்த்தனையை அம்மன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கட்டிலில் கிடந்து வாயில் வந்தபடி கேட்டதை மட்டும் கேட்டுக்கொண்டாள். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: என் உயிருக்கு எது நல்லது என்று அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை என் கணவர் அக்கினிச்சட்டி எடுத்தார். மஞ்சள் வேட்டி கட்டி, வேப்பிலை சொருகி, வெறுங்காலோடு. பழக்கம் இல்லாத ஆள். சட்டியை எப்படிப் பிடிப்பது என்று முனியாண்டி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நான் கையில் பிளாஸ்டரோடு பின்னால் நடந்தேன். ஓரிடத்தில் அவர் தடுமாறியபோது கூட்டம் முழுக்க ஓவென்று கத்தியது. ஆனால் சட்டியை விடவில்லை. ஆற்றில் காப்பை அவிழ்க்கும்போது, "இன்னும் மருந்து போடலையே, அது வரைக்கும் இருக்கட்டுமே" என்று பூசாரியிடம் கெஞ்சினார். "எல்ல தாண்டாம எப்படிக் கொழும்புக்குப் போவீங்க?" என்று முனியாண்டி கேட்ட பிறகுதான் கையைக் கொடுத்தார்.

சித்திரையில் மருந்து வந்தது. அது விமானத்தில் வருகிறபோதே நேரம் போகப் போக வீரியம் குறைகிற மருந்து. குறித்த நாளில் போட்டே ஆக வேண்டும். வழி ஏற்கனவே பார்த்து வைத்திருந்ததால் வெளிநாட்டு நிபுணர் இல்லாமல் எங்கள் டாக்டரே போட்டார். இந்த முறை என் கணவரும் கூட வந்தார். அவர் சொன்ன மாதிரியே கதவுக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் ஒருவருக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். அவர் அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கடைக் கதையெல்லாம் சொல்லுவார். பல நாள் களைப்பில் எழும்ப முடியவில்லை. சாப்பாடு கசந்தது. எல்லாம் சுகமாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆவணியில் எடுத்த படத்தில் கட்டியின் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். முழுதாகப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் பயம் வருகிறது. ஆனால் இப்போது நான் வேலைக்குப் போகிறேன். சமைக்கிறேன். அம்மனோடு சண்டை போடுவது குறைந்துவிட்டது. என் கணவர் கல்யாண வீட்டுக் கிளாஸைத் தொடுவதில்லை. விபூதியைத் துடைக்காமலே கடையில் நிற்கிறார். கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார்.

இந்த வருடமும் நான் காப்புக் கட்டியிருக்கிறேன். எனக்காக அல்ல. அக்குறணையில் பரீதா என்று ஒரு பெண். கிளினிக்கில் பழக்கமானவள், என்னைவிட இளையவள், அக்கா என்கிற அர்த்தத்தில் என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் இதே கட்டி, இதே வைத்தியம். வழி பார்க்கிற நாள் எங்கள் திருவிழாவுக்குள் வந்திருக்கிறது. போன கிழமை போனில், "நோவுமா லாத்தா? நெஞ்சுக்குப் போயிட்டா என்ன செய்ற?" என்று நான் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டாள்.

"நான் எங்க அம்மன்கிட்ட ஒனக்காகக் கேக்கட்டுமா தங்கச்சி? ஒனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்றேன்.

"கேளுங்க லாத்தா. எனக்காக யார் கேட்டாலும் நல்லதுதானே. நானும் ஒங்களுக்கு துஆ செய்றேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இன்றைக்குத்தான் அவளுக்கு அந்த நாள். நான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் மடியில் இருக்கிறது. இன்னும் செய்தி வரவில்லை. இந்நேரம் மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

நம்பிக்கை உள்ள என் சகோதர சகோதரிகளே, உங்கள் கையில் இது கிடைக்கும்போது இன்றைய சோதனையின் முடிவு தெரிந்திருக்கும். சோதனையில் நல்லது நடந்திருந்தால் மருந்து வருகிற நாள் ஒன்று இருக்கிறது. நடக்காவிட்டால் அவளுக்கு நம்முடைய பிரார்த்தனை இன்னும் அதிகமாகத் தேவை. உங்கள் கவலையை அம்மனிடம் கொடுங்கள், பயந்துகொண்டே கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள், அதற்கு நான் சாட்சி. அதோடு இன்று விளக்கு ஏற்றும்போது உங்களுடையதல்லாத ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் பெயரும் மனதில் இல்லாவிட்டால், பரீதா என்று சொல்லுங்கள்.